தேவிக்கு நான் விற்ற டெஸ்க்டாப்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சில வாரங்களில் கவுண்டருக்கு முன்னால் போட்டிருக்கும் நாற்காலிகள் போதாமல் போகும். அப்பா, அம்மா, கல்லூரியில் சேரப் போகிற பிள்ளை என்று மூன்று மூன்று பேராக வருவார்கள். உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப் வாங்கலாமா?

நான் கடையை விட்டு இரண்டு வருடமாகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் சீசன் தொடங்குவதற்குள் ஏதாவது சொல்லச் சொல்லி, இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி மகன் கேட்டான். எந்த மாடலில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை சொன்ன பதிலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்தப் பதிலில் தொழில்ரீதியாக ஒரு பிழையும் கிடையாது. இன்றைக்கு யாரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் அதை விளங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு நாளாயிற்று.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஜரிகை வியாபாரம். நான் ஒருவன்தான் அதில் உட்காராமல் சென்னைக்குப் போய், ஒரு சர்வீஸ் சென்டரில் நாலு வருடம் வேலை பழகி, ஊருக்குத் திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டேன். சென்னையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார். உனக்குத் திறக்கத் தெரியாத பெட்டியை விற்காதே என்பார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டெஸ்க்டாப் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவேன். ஆனால் லேப்டாப் அப்போதுதான் ஊருக்குள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், மாமன் யாராவது கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும்.

அப்படி ஒரு லேப்டாப்பை ஒரு கல்லூரி விரிவுரையாளர் எடுத்து வந்தார். கீபோர்டில் காபி கொட்டிவிட்டது, நாலைந்து எழுத்துகள் விழவில்லை என்றார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை முழுவதும் அதற்குள் இருந்தது. பார்க்கிறேன் சார் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குக் கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் முன்னால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. திறந்தேன். உள்ளே காகிதம் மாதிரி மெல்லிய ஒரு கேபிள். அதைப் பிடித்திருந்த சின்ன பிளாஸ்டிக் கொக்கி என் விரல் பட்டு ஒடிந்தது. ஒட்டவைக்கப் பார்த்தேன். கடைசியில் திரையும் வரவில்லை, போர்டும் போயிற்று. மூன்று வாரம் அவரிடம் பார்ட் வரணும் சார், பார்ட் வரணும் சார் என்று பொய் சொன்னேன். பிறகு சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய், ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை மட்டும் சிடியில் எழுதி வாங்கி வந்து, செத்த லேப்டாப்போடு சேர்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவே இல்லை.

அன்றிலிருந்து எந்த லேப்டாப்பையும் நான் கையில் வாங்கவில்லை. யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன். அதற்கான காரணங்களையும் வரிசையாக எடுத்துவைப்பேன். ஒவ்வொரு காரணமும் உண்மையானது. எனக்கு அதைத் திறக்கத் தெரியாது என்ற காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மறு வருடம் ஜூன் மாதத்தில், காலைக் கூட்டம் குறைந்த நேரத்தில், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் தன் மகளோடு வந்தார். மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர், நெற்றியில் நாமம், சட்டைப் பையில் இரண்டு பேனா. என் தம்பிக்குக்கூட அவரிடம்தான் கணக்கு. மகள் பெயர் பெருந்தேவி, வீட்டில் தேவி. பிளஸ் டூவில் பள்ளிக்கு இரண்டாவதாக வந்திருந்தாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரப் போகிறாள் என்றார்.

வாத்தியார் ஒரு வெள்ளைத் தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை என் மேஜைமேல் விரித்து நீவிவிட்டார். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் லேப்டாப், வலப்பக்கம் டெஸ்க்டாப். இரண்டுக்கும் கீழே வெறும் இடம்.

"பாய், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன். எது வாங்கணும்?" என்றார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. ஊரே மதிக்கிற வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொல்வதை எழுதக் காத்திருக்கிறார்.

"லேப்டாப் பார்க்க நல்லா இருக்குது சார். ஆனா விலை ரெண்டு மடங்கு. அதுல ஒண்ணு போச்சுன்னா இந்த ஊர்ல கை வைக்க ஆள் கிடையாது, சென்னைக்கு எடுத்துக்கினு போவணும். கீழ விழுந்தா முடிஞ்சது. டெஸ்க்டாப்ல எது போனாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சு வேகம் பத்தலையா, உள்ள ரேம் போட்டுக்கலாம். நாலு வருஷப் படிப்புக்கு அதுதான் சார் தாங்கும்."

வாத்தியார் ஒவ்வொன்றாக எழுதினார். வலப்பக்கம் நிறைந்துகொண்டே வந்தது.

தேவி அதுவரை பேசவில்லை. அப்பா எழுதி முடித்துப் பேனாவை மூடியதும், "அங்கிள், கைல எடுத்துண்டு போறதா இருந்தா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "எங்கம்மா எடுத்துக்கினு போவப் போற? காலேஜ்ல லேப் இருக்குது. வீட்டுக்கு வந்தா இது இருக்குது" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய்தான் சொல்றாரேம்மா" என்றார் மெதுவாக. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

எங்கே எடுத்துக்கொண்டு போகப் போகிறாய் என்று நான் கேட்டதை அவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நான் கேட்கவே இல்லை. அவளை வாயடைக்கத்தான் கேட்டேன். கவுண்டரில் உட்கார்ந்தால் இந்தப் பழக்கம் உங்களுக்கும் வரும். வந்துவிட்டதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வார வியாழக்கிழமை மெஷினை மாட்டிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாட வீதிக்குப் பின்னால் ஒடுக்கமான, நீளமான வீடு. கூடத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டுக்கு எர்த் இல்லை. அதில் கம்ப்யூட்டரை மாட்டக் கூடாது, புதிதாக மூன்று பின் சாக்கெட் ஒன்று வேண்டும் என்றேன். வாத்தியார் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு எலக்ட்ரிகல் கடைக்குக் கிளம்பினார்.

நான் பெட்டிகளைப் பிரித்து மானிட்டரை மேஜைமேல் தூக்கி வைத்தேன். அந்தக் காலத்து மானிட்டர், பின்னால் புடைத்துக்கொண்டு பழைய டிவி மாதிரி இருக்கும். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஓர் அம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். தேவியின் அம்மா. சர்க்கரை நோயில் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது என்றும், இப்போது சிறுநீரகமும் கெட்டு வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். தேவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுத்தா? எங்கே, காட்டு" என்றார் அந்த அம்மாள்.

தேவி அவர் கையை மானிட்டர்மேல் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தடவினார். பக்கங்களைத் தடவினார். கை பின்பக்கம் போய், அந்தப் புடைப்பின் நீளம் முழுவதும் ஊர்ந்து, சுவரில் இடித்து நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"இவ்வளவு பெரிசா? இதை எப்படிடி கோயம்புத்தூருக்குத் தூக்கிண்டு போவே?"

தேவி என் பக்கம் பார்த்தாள்.

"ஹாஸ்டல்ல இதை வெச்சுக்க இடம் குடுப்பாளா?" என்றார் மறுபடியும்.

"நான் போகலைம்மா. இங்கேயே பக்கத்துல சேர்றேன்."

அம்மாள் மானிட்டரிலிருந்து கையை எடுத்தார். "யார் சொன்னா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மகளின் கையை விலக்கிவிட்டு, வந்த மாதிரியே சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் உள்ளறைக் கட்டில் முனகும் சத்தம் கேட்டது.

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கோயம்புத்தூர்ல சீட்டா?" என்று கேட்டேன்.

தேவி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "திங்கட்கிழமை கவுன்சலிங் அங்கிள். என் மார்க்குக்கு அங்க கவர்மென்ட் காலேஜ் கெடைக்கும். அம்மா போன்னு சொல்லிண்டே இருக்கா. அப்பாக்குத்தான் முடிவு பண்ண முடியலை. ஒரு நாள் போன்னுவார், ஒரு நாள் அம்மாவை யார் பார்த்துப்பான்னுவார். கடைசில, கம்ப்யூட்டர் வாங்கணுமே, எது வாங்கறதுன்னு பாயைக் கேப்போம்னு சொல்லி உங்ககிட்ட அழைச்சுண்டு வந்தார்."

மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த வெள்ளைத் தாளை எடுத்துக் காட்டினாள். நான் சொன்னதெல்லாம் வாத்தியாரின் அழகான கையெழுத்தில் இருந்தது. கை வைக்க ஆள் கிடையாது. விழுந்தால் முடிந்தது. நாலு வருடம் தாங்கும். வலப்பக்கத்தின் கடைசியில் நான் சொல்லாத ஒரு வரியை வீட்டுக்கு வந்து சேர்த்திருந்தார். 'ஆத்திலிருந்தே போய்வரலாம்.' அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார், கணக்குக்கு விடை எழுதிக் கோடு போடுவதுபோல.

"அப்பா வந்ததும் இதுக்குப் பதிலா லேப்டாப் வாங்கினாலும் சரிதான்னு ஒரு வார்த்தை சொல்றேளா அங்கிள்? நீங்க சொன்னா கேப்பார். இன்னும் நாலு நாள் இருக்கு."

சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம்மா என்றேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் தேவி தாளை உள்ளே வைத்துவிட்டு உள்ளறைப் பக்கம் போய்விட்டாள்.

வாத்தியார் சாக்கெட்டைக் கொடுத்தார். பொருத்தினேன். மெஷினைப் போட்டேன். திரை வெளிச்சம் வந்து கூடத்துச் சுவரெல்லாம் நீலமாயிற்று. வாத்தியார் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"பாய், சரியாத்தானே பண்ணியிருக்கோம்?"

அந்த வீட்டுக்கு நான் யார்? சாமான் விற்றவன். ஒரு வீட்டுப் பெண் எங்கே படிப்பது என்பதில் தலையிட எனக்கு என்ன உரிமை? பிற்பாடு எத்தனையோ தடவை இப்படிச் சொல்லிச் சமாதானம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாத்தியார் என்னைக் கேட்டார். கேட்டபோது அவர் பார்வை கம்ப்யூட்டர்மேல் இல்லை. உள்ளறைக் கதவுமேல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், அன்றைக்கு நான் சொன்னது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும்தான், பாப்பா எங்கே படிப்பது என்பதை அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள் என்றிருக்கலாம்.

"நல்ல மெஷின் சார். தைரியமா இருங்க" என்றேன்.

தேவி வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆறே முக்காலுக்குக் கல்லூரி பஸ் பிடிப்பாள். நான் இரண்டு தடவை அந்த வீட்டுக்கு சர்வீஸுக்குப் போனேன். ஒரு தடவை மவுஸ், ஒரு தடவை யுபிஎஸ் பாட்டரி. இரண்டு தடவையும் அவள் கல்லூரியில் இருந்தாள். அந்த அம்மாள் கட்டிலில் படுத்திருந்தார். யாரு என்று கேட்டார். கம்ப்யூட்டர் கடையிலிருந்து என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் சேர்ந்து ஐந்து மாதம்கூட முடியவில்லை, அந்த அம்மாள் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் வாத்தியார் தனியாகக் கடைக்கு வந்தார். தலை மழித்து முடி அப்போதுதான் முளைத்திருந்தது. சட்டைப் பையில் பேனா இல்லை. நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பாய், அந்த டெஸ்க்டாப்பை எடுத்துண்டு ஒரு லேப்டாப் குடுக்க முடியுமா?"

"மெஷின் ஏதாவது தகராறு பண்ணுதா சார்?"

"அதெல்லாம் நன்னா இருக்கு. இனிமே அவ ஆத்துலயே இருக்கணும்னு இல்லையே. அதான்."

"காலேஜ் மாத்தறீங்களா?"

"கேட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூர்ல அந்த சீட்டெல்லாம் அப்பவே போயிடுத்து. நடுவுல மாத்த முடியாதாம்."

"அப்புறம் லேப்டாப் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியலை பாய்" என்றார்.

இனியும் பேசாமலிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அந்த விரிவுரையாளர் கதையைச் சொன்னேன். "எனக்கு லேப்டாப் ரிப்பேர் பண்ணத் தெரியாது சார். பயம். அதனாலதான் உங்ககிட்டயும் வேணாம்னு சொன்னேன். சொன்ன காரணமெல்லாம் நெசம்தான். ஆனா அதுக்காகச் சொல்லல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"வெக்கமா இருந்தது சார்."

"நானும் உங்ககிட்ட சொல்லலையே. அவளை அனுப்ப எனக்கு மனசில்லைன்னு. அவ அம்மாவைப் பார்த்துக்கணும்னு சொல்லிண்டேன். அது மட்டும் இல்லை பாய். ஆத்துல குழந்தை இல்லாம என்னால இருக்க முடியாது. அதை எப்படி அவகிட்ட சொல்றது? உங்க வாயால வேற ஒண்ணு வந்தது, அதைப் பிடிச்சுண்டேன்."

தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். போகும்போது வாசலில் நின்று, "டெஸ்க்டாப் இருக்கட்டும்" என்றார்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். சில பேர் தங்களால் முடிவு பண்ண முடியாத வேறு எதையோ கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன்னால், இது எங்கே இருக்கப் போகிறது, யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். அப்பாவிடம் கேட்காதீர்கள். படிக்கப் போகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், அது பதில் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன விதி நல்ல விதிதான். திறக்கத் தெரியாததை விற்காதே என்றார். திறக்கக் கற்றுக்கொள் என்பதும் அதில் இருந்தது. எனக்கு வசதியான பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வாத்தியார் வந்துபோன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்குப் போய், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவனிடம் உட்கார்ந்து லேப்டாப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமான வேலை.

தேவியை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பத்து மெஷின் ஆர்டர் கிடைத்து, நானே மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். லேபுக்குப் பொறுப்பான டீச்சர் என்று தலைமையாசிரியை அழைத்து வந்து காட்டியது அவளைத்தான். முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அந்தக் கல்லூரிக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகள் வரவில்லை. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னையில் தங்கி வேலை தேடவும் முடியவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இந்தப் பள்ளி. கோயம்புத்தூர் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே போய் நொந்து திரும்பியவர்களும் உண்டு. அதையும் நான் நினைத்துப் பார்த்துக்கொண்டதுண்டு.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். சார் என்று கூப்பிட்டாள். எந்த மெஷின் எந்த மேஜையில் என்று ஒரு படம் போட்டு வைத்திருந்தாள். அதைக் கையில் கொடுத்தாள். அப்பாவைப் பற்றி விசாரித்தேன். ரிட்டயர் ஆகிவிட்டார், சாயந்தரம் கோயிலுக்குப் போகிறார் என்றாள்.

ஆறாவது மெஷினை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் தலை நிமிராமலே சொன்னேன். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்மா. தப்புப் பண்ணிட்டேன்." இன்னொன்றையும் சேர்த்தேன். "ஆனா அம்மாகூட கடைசி அஞ்சு மாசம் இருந்தியேம்மா. அதை நெனச்சுத்தான் நான் மனசைத் தேத்திக்குவேன்."

"அம்மா அந்த அஞ்சு மாசமும் என்னோட சரியாவே பேசலை சார்" என்றாள். "நான் அவளுக்காகத்தான் இருந்துட்டேன்னு நெனச்சுண்டா. அவளுக்கு நான் போகணும்."

என் கையில் இருந்த கேபிள் துவாரத்தில் சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்துச் சொருகினேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? அப்பா அன்னிக்கு சரியாத்தானே பண்ணியிருக்கோம்னு கேட்டார். நீங்க உடனே பதில் சொல்லலை. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னுண்டிருந்தேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தேள். சொல்லப் போறேள்னு நெனச்சேன். அப்போ என்ன யோசிச்சேள்?"

இத்தனை வருடத்தில் அவள் மனதில் இதற்கு என்னென்ன பதில் வைத்திருந்தாளோ. ஏதாவது நல்லதாகச் சொல்லலாமா என்று பார்த்தேன். உன் அம்மாவை நினைத்தேன், உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கூடத்துத் தரையெல்லாம் தெர்மக்கோலும் அட்டைப் பெட்டியுமாகக் கிடந்தது. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஏதாவது சொன்னா, இதையெல்லாம் திரும்பப் பெட்டில போட்டுத் தூக்கிக்கினு போவணுமேன்னு யோசிச்சேன்மா."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

வெளியே மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. தேவி மேஜையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். நான் ஏழாவது மெஷினுக்கு நகர்ந்தேன்.